சூளைக்குப் போகும் குடும்பங்களும் என் பிஎச்.டி.யும்

பிஎச்.டி. முடித்த பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயத்துக்காகத்தான். "அக்கா, மனநலத்துல ஆராய்ச்சி பண்ணணும், நம்ம மக்களைப் பத்திப் பண்ணணும், எங்கே ஆரம்பிக்கிறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மொத்தமாக எழுதிவிடலாம் என்றுதான் இது. நான் போன வழி ஒரே வழி அல்ல. ஆனால் எங்கெங்கே கதவு இருக்கிறது, எந்தக் கதவைத் தள்ள வேண்டும், எதை இழுக்க வேண்டும் என்பது கொஞ்சம் தெரியும்.

சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். எங்கள் வீடு காலனியில். சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பு, அதில் மருத்துவ, மனநலச் சமூகப்பணி சிறப்புப் பாடம். அதன் பிறகு மனநலச் சமூகப்பணியில் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். இந்த எம்.ஃபில். ஏன் முக்கியம் என்றால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் "மனநலச் சமூகப்பணியாளர்" யார் என்று சொல்லும் இடத்திலேயே அந்த இரண்டு வருடப் படிப்பைக் கேட்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-இல் எம்.ஃபில். என்ற பட்டத்தையே நிறுத்தியது. எங்கள் துறைக்கும் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தார்கள். எனவே இப்போது சேர நினைப்பவர்கள், அந்தப் படிப்பு என்ன பெயரில், எந்த அங்கீகாரத்தோடு நடக்கிறது என்பதைக் கல்லூரியில் எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பிச் சேராதீர்கள்.

எம்.ஃபில். முடித்துவிட்டு மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒப்பந்த வேலை. 1996-இல் தேசிய அளவில் தொடங்கிய திட்டம் அது, கர்நாடகத்தின் பெல்லாரியில் செய்து பார்த்த மாதிரியை வைத்து. மனநல மருத்துவர், சமூகப்பணியாளர் என்று ஒரு சின்னக் குழு, வாரத்தில் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிக்குப் போகும். என் மேஜையில் ஒரு பெரிய நோட்டு. முதல்முறை வருபவர்களின் கதையைக் கேட்டு எழுதுவது என் வேலை. அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இருளர் பழங்குடிக் குடும்பங்கள் வருகிறார்கள். ஒருமுறை வருகிறார்கள். அடுத்த வரிசையில் பேர் இல்லை. கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருந்தது: "விழிப்புணர்வு இல்லம்மா."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. விழிப்புணர்வு இல்லாதவர் முதல் தடவை எப்படி வந்தார்?

கைடு தேடுவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரிய பெயரைத் தேடாதீர்கள், உங்களோடு வெயிலில் வருவாரா என்று பாருங்கள். எனக்குக் கிடைத்த மேடம் ஓய்வுபெற ஆறேழு வருடம் இருந்தவர் (இதையும் கணக்குப் பார்க்க வேண்டும், பாதியில் கைடு மாறினால் பெரிய தலைவலி). என் முதல் வரைவில் "இருளர் மக்களிடையே மனநல சேவையைப் பயன்படுத்தாமைக்கான காரணங்கள்" என்று தலைப்பு வைத்திருந்தேன். மேடம் படித்துவிட்டுச் சொன்னது: "ஏன் வரலைன்னு கேட்டா அவங்க மேலயே பழி விழும். வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேளு." மொத்த ஆய்வும் அந்த ஒரு கேள்விதான். அதைத்தான் மூன்று அத்தியாயமாக நீட்டி எழுதினேன்.

பதிவு, கோர்ஸ் ஒர்க், ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டி, இவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 யுஜிசி விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேல் இரண்டு ஆண்டு சலுகை உண்டு, கேட்டுப் பெற வேண்டும். பணம்: நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023-இலிருந்து மாதம் 37,000 ரூபாய், அதற்கு முன் 31,000. மாதாமாதம் வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். சில மாதம் மொத்தமாகச் சேர்ந்து வரும், அதுவரை அண்ணன் கொடுப்பார், அண்ணி முகம் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆய்வு நெறிமுறைப்படி நடக்குமா என்று பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கு வருவோம். இங்கேதான் பலரும் தலைப்பை மாற்றிக்கொண்டு கல்லூரி மாணவர்களின் மனஅழுத்தத்துக்குப் போய்விடுகிறார்கள்.

கமிட்டி பார்த்ததும் இரண்டு கொடி தூக்கும். ஒன்று, பழங்குடி, அதிலும் இருளர் தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று வகுக்கப்பட்ட ஆறு சமூகங்களில் ஒன்று. இரண்டு, மனநோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளில் இரண்டுமே தனிப் பாதுகாப்பு தேவைப்படும் பிரிவுகள். அது நியாயம்தான். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் சிலர் "அவங்களை விட்டுடுங்களேன்" என்று முடித்துவிடப் பார்ப்பார்கள். அவர்களைப் பற்றி யாருமே ஆராயாவிட்டால் திட்டம் யாருடைய அனுபவத்தை வைத்துப் போடப்படும் என்று நான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல, மேடம் காலை மிதித்தார்.

அவர்கள் கேட்டவற்றில் நல்ல கேள்விகளும் இருந்தன. நேர்காணலில் ஒருவர் "செத்துப்போயிடலாம்னு தோணுது" என்று சொன்னால் என்ன செய்வாய்? இதற்கு எழுத்தில் பதில் இல்லாமல் யாரும் களத்துக்குப் போகக் கூடாது. நான் கொடுத்தது: நேர்காணலை அங்கேயே நிறுத்துவது, தனியாக விடாமல் வீட்டில் ஒருவரை உட்காரவைப்பது, அன்றைக்கே மாவட்ட மனநல மருத்துவரோடு பேசுவது, மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது. கூடவே 14416, டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்வதையும் சேர்த்தேன். போலீஸ் வரும் என்ற பயத்தில் வாயே திறக்காத குடும்பங்கள் உண்டு.

அடுத்தது சம்மதம். சட்டத்தின் 99-ஆவது பிரிவு ஆராய்ச்சிக்கானது. விவரம் சொல்லி, வற்புறுத்தலில்லாத சம்மதம் வாங்க வேண்டும். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவரைச் சேர்ப்பதென்றால் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். நான் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை, அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களிடம் மட்டும் அவர்களுடைய சொந்த அனுபவத்தைக் கேட்டேன். சரி, எழுதத் தெரியாதவர்களிடம்? கமிட்டி உடனே "கைநாட்டு, பக்கத்தில் ஒரு சாட்சி" என்றது. நான் மறுத்தேன். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கும்போது வைத்த கைநாட்டு பல வருடம் துரத்திய குடும்பங்கள் அவை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. வட மாவட்டங்களில் அதன் பிறகும் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர்களை மீட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் மைப்பெட்டியைத் திறந்தால் நான் என்ன விளக்கினாலும் காதில் ஏறாது. சாட்சி என்று யாரை வைப்பது? ஊர்த் தலைவரையா, மேஸ்திரியையா? கடைசியில் பேச்சுவழிச் சம்மதத்தை ரெக்கார்டு செய்வது, அந்தக் குடியிருப்பிலேயே அவர்கள் கைகாட்டும் ஒருவரைச் சாட்சியாக வைப்பது என்று முடிவானது. ஐசிஎம்ஆர் நெறிமுறையில் வாய்மொழிச் சம்மதத்துக்கு இடம் இருக்கிறது. பக்க எண்ணோடு எடுத்துப் போங்கள், மனப்பாடமாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பேச உட்காருபவருக்கு அரைநாள் கூலி கொடுப்பதைத் "தூண்டுதல்" என்றார்கள். கமிட்டி உறுப்பினர்களுக்கு அந்தக் கூட்டத்துக்கு வந்ததற்குப் படி உண்டா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. வேலை இழப்புக்கான ஈடு என்று தலைப்பை மாற்றி எழுதினோம், ஒப்புக்கொண்டார்கள்.

களம் தொடங்கியதும் தெரிந்த முதல் விஷயம், கல்வியாண்டுக்கும் சூளைக்கும் சம்பந்தமே இல்லை. பொங்கல் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகச் சூளைக்குப் போய்விடுவார்கள். ஆடி வாக்கில், மழைக்கு முன்னால், திரும்புவார்கள். சூளைக்குள் போய்ப் பேசுவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். முதலாளிக்குத் தெரியாமல் போக முடியாது, தெரிந்து போனால் உண்மை வராது. ஆக வருடத்தில் பாதிதான் எனக்குக் கிடைத்தது. விதிவிலக்கு மாசி மகம். கன்னியம்மனைக் கும்பிட மாமல்லபுரம் கடற்கரைக்கு இருளர்கள் பல மாவட்டங்களிலிருந்தும் வருவார்கள். நான் ரெக்கார்டரைத் தொடவே இல்லை. ஆனால் யார் எந்தச் சூளையில் இருக்கிறார்கள், யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள் என்பதெல்லாம் அந்த மணலில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் காலனியில் பிறந்தவள், ஆகவே அவர்களோடு எளிதாக ஒட்டிக்கொள்வேன் என்று என் பல்கலைக்கழக நண்பர்கள் நினைத்தார்கள். இருளர் குடியிருப்பிலிருந்து பார்த்தால் எங்கள் தெருவும் ஊர்தான். எங்கள் தெருக் குழாயடியில் அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி முதல் நாளே கேட்டார், "நீ கவர்ன்மெண்ட்டா பாப்பா, இல்ல ஊரா?" இரண்டும் இல்லை என்று நிரூபிக்க நேர்காணல் எதுவும் இல்லாமல் சும்மா போய் வந்துகொண்டிருந்தேன். உள்ளே இருந்து வந்தவர் என்பதை ஒரு தகுதிச் சான்றிதழ் போல ஆய்வேட்டில் ஒட்டிக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அளவுகோல்கள். மனச்சோர்வுக்கு எல்லோரும் பயன்படுத்துவது பிஎச்க்யூ-9. ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண், பத்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டும். முன்னோட்டத்திலேயே சிக்கல். தூக்கம் வருகிறதா என்று கேட்டால், கல் அறுக்கிற குடும்பம் நள்ளிரவு தாண்டியதும் எழுந்துவிடும், வெயில் ஏறுவதற்குள் அச்சு போட்டு முடிக்க. பசி எப்படி என்று கேட்டால், இருந்தால் சாப்பிடுவோம் என்கிறார்கள். பேப்பர் படிக்கும்போது கவனம் நிற்கிறதா என்ற கேள்வியை நான் கேட்கவே கூச்சப்பட்டேன். அதனால் மதிப்பெண்ணைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நீண்ட உரையாடலை முதன்மையாக்கினோம். டாக்டோரல் கமிட்டியில் ஒருவருக்கு எண்கள் குறைந்ததில் வருத்தம். அந்த வருத்தம் வைவா என்ற கடைசி வாய்மொழித் தேர்வு வரை நீடித்தது.

சரி, வந்த அன்றைக்கு என்னதான் நடந்தது?

பெரும்பாலும் யாரும் அவமானப்படுத்தவில்லை. அதுதான் இதில் கஷ்டமே. குற்றம் சொல்ல ஒரு ஆள் இருந்தால் எழுதுவது சுலபம். "கூட யார் வந்திருக்கீங்க?" என்று கேட்பார்கள். கூட வந்தால் இரண்டு பேர் கூலி போகும். மாத்திரை பதினைந்து நாளுக்கோ முப்பது நாளுக்கோ கிடைக்கும். அந்த முப்பதாம் நாள் அவர்கள் வேறு மாவட்டத்தில், சூளையில் இருப்பார்கள். அங்கே உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால் "உங்க ஊர்ல பாருங்க". ராத்திரி போடும் மாத்திரை அசத்தும். நள்ளிரவில் எழுந்து அச்சு போட வேண்டியவர் அந்த மாத்திரையை நிறுத்துகிறார். இதை ஏட்டில் "மருந்து ஒத்துழைப்பின்மை" என்று எழுதுவோம். நானே என் நோட்டில் எழுதியிருக்கிறேன், அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனை மணிக்கு வேலைக்கு எழுந்திருப்பீர்கள் என்று டாக்டர் கேட்டிருந்தால் மருந்தையோ நேரத்தையோ மாற்றியிருக்கலாம், நாள்பட வேலை செய்யும் ஊசிக்கு மாறலாமா என்று பேசியிருக்கலாம்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்கள் உண்டா? உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகியதிலிருந்து இந்தக் கேள்வி இல்லாமல் தமிழ்நாட்டில் மனநலம் பற்றிப் பேச முடியாது. ஆனால் நான் பேசிய குடும்பங்களில் கோயில் ஆஸ்பத்திரிக்குப் போட்டியாக இல்லை. கோயிலில் கூட்டமாகத் தங்கலாம், அட்டை கேட்க மாட்டார்கள், நாள் குறித்துக்கொடுத்துத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். போகிற காரணம் அவ்வளவுதான். இத்தனைக்கும் பூச்சிக்கடிக்கும் பாம்புக்கடிக்கும் ஊர்க்காரர்கள் மூலிகை கேட்டு வந்து நின்றது இருளர் வாசலில்தான்.

ஆய்வுக்கு நடுவே ஒரு சான்றிதழ் வேலையும் செய்தேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். மனச்சிதைவு நோயோடு பல வருடமாக இருப்பவர் ஒருவர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அளப்பது ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோலால். தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை, இந்த நான்குக்கும் 0 முதல் 4 வரை, நோய் எத்தனை வருடம் என்பதற்கு இன்னொரு மதிப்பெண். மொத்தம் ஏழு வந்தால் 40 சதவீதத்தைத் தொடும். அவருக்கு ஏழு வரவில்லை. காரணம், "வேலைக்குப் போகிறார்" என்று எழுதியிருந்தது.

போகிறார்தான். சூளையில் கூலி தனி ஆளுக்கு இல்லை, ஜோடிக்கு, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. முன்பணம் ஜோடியின் பேரில் இருக்கும்போது அவரை வீட்டில் விட முடியாது. அவர் மண் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவர் மனைவி இரண்டு பேர் வேலையையும் செய்வார். இதை விவரமாக ஒரு சமூக அறிக்கையாக எழுதினேன்: மனைவி தனியாக எத்தனை கல் அறுக்கிறார், பக்கத்து ஜோடி எத்தனை அறுக்கிறது, அவரைக் குளிக்கவைப்பது யார், காணாமல் போனால் தேடுவது யார். மறுபரிசீலனைக்கு மனு போட்டோம். மருத்துவர் பொறுமையாகப் படித்தார், மனைவியையும் கூப்பிட்டுக் கேட்டார், மதிப்பெண் மாறியது. மனநலச் சமூகப்பணியாளர் என்று ஒருவர் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது அந்த அறிக்கையைத்தான், ஆய்வேட்டை இல்லை. அதற்குப் பிறகும் ஆதார் முகவரி, மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அட்டைக்கு ஆன்லைன் பதிவு, பழங்குடிச் சான்று என்று இழுத்தது. பழங்குடிச் சான்றை தாசில்தார் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அந்த ஒரு காகிதத்துக்கு அலைந்ததை எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

எழுதுவது பற்றிச் சுருக்கமாக. ஆய்வேட்டின் முன்னுரையில் தேசிய மனநல ஆய்வு 2015-16-ஐ எல்லோரும் போடுவார்கள், நானும் போட்டேன். சிகிச்சை கிடைக்காதவர்களின் விகிதம் நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் வரை என்று அது சொல்கிறது. அந்த எண்ணோடு நின்றுவிடாமல் உங்கள் களத்தில் அது எப்படி உருவாகிறது என்று காட்டுங்கள். அப்புறம், ஒப்புமைச் சோதனை மென்பொருள் சட்டப் பிரிவுகளை எல்லாம் திருட்டு என்று சிவப்பில் காட்டும். மேற்கோளை விலக்கிவிட்டு ஓட்டச் சொல்லி நூலகத்தில் கேளுங்கள், பத்து சதவீதத்துக்குள் வந்துவிடும்.

வைவாவில், நான் எதிர்பார்த்தபடியே, "இது ஆராய்ச்சியா, களப்போராட்டமா?" என்ற கேள்வி வந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவை வாசித்தேன். மனநல சேவை பெறுவதில் சாதி, மதம், பாலினம், வர்க்கம் என்று எதன் பேரிலும் பாகுபாடு கூடாது என்று அது சொல்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சை இலவசம் என்றும் சொல்கிறது. சட்டம் கொடுத்த உரிமை சூளை வரை போய்ச் சேர்கிறதா என்று சரிபார்த்தேன், அவ்வளவுதான் என்றேன். வெளித்தேர்வாளர் சிரித்தார். அவரே அடுத்து, 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் பேன்யன் என்ற மனநல அமைப்பைத் தொடங்கியதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். தெருவில் இருந்த பெண்களுக்கு முதலில் இடம், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று தொடங்கியதும் அப்போது ஆராய்ச்சி இல்லைதான், இன்று உலகம் முழுக்க அதை வைத்துக் கட்டுரை எழுதுகிறார்கள் என்றார். எண்கள் குறைந்ததில் வருத்தப்பட்டவர் அமைதியாகக் கையெழுத்துப் போட்டார்.

பட்டம் வந்த பிறகு ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பிஎச்.டி. முடித்தால் நிரந்தர வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி ஒவ்வொரு குடியிருப்பிலும் வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் "இதெல்லாம் எங்களுக்குத் தெரியும், டாக்டருக்குப் படிச்சுக் காட்டுனியா?" என்று கேட்டார்கள். காட்டினேன். மாவட்ட மனநலக் குழுவோடு உட்கார்ந்து வெளியூர் போகும்போது கையில் வைத்துக்கொள்ள ஒரு மருத்துவச் சீட்டு தயார் செய்தோம்: என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், கடைசி ஊசி எப்போது, எந்த மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரே பக்கத்தில். சூளைக்குக் கிளம்பும் குடும்பங்களுக்குப் பொங்கலுக்கு முன்பே அதையும் கூடுதல் நாளுக்கான மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது ஏற்பாடு. சில ஆரம்ப சுகாதார நிலையங்கள் அந்தச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுத்தன. சிலவற்றில் "இதுல எங்க மாவட்ட சீல் இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு மாவட்டமும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை வந்தால் இது தீரும். அதற்கான மனு இப்போது இணை இயக்குநர் அலுவலகத்தில் இருக்கிறது. கார்த்திகைக்குள் பதில் வராவிட்டால் மேடமும் நானும் நேரில் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.